செட்டிநாட்டுச் செம்மண்ல செம்மறி வளர்ப்பு: அடிக்கடி கேட்குற கேள்விங்க

காரைக்குடி, கல்லல், கானாடுகாத்தான் சுத்துவட்டாரத்துல செம்மறி வளர்க்கணும்னு நினைக்கிறவங்க எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் இங்க எழுதியிருக்கேன். பாதிப்பேரு சிங்கப்பூர், மலேசியான்னு சம்பாதிச்சுட்டு ஊருக்கு வர்ற தம்பிங்க, மீதிப்பேரு ஏற்கனவே வீட்டுல நாலஞ்சு ஆடு வச்சிருக்கிற அக்காமாருங்க. நான் கல்லல் பக்கம் ஒரு கிராமத்துல பத்தொம்போது வருஷமா மேய்ச்சல்ல ஆடு வச்சிருக்கேன், அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவுல இருக்கும்.

நம்ம பக்கம் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்யுதே, இதைப் போயி வறண்ட பகுதின்னு ஏன் சொல்றாங்க?

சிவகங்கை மாவட்டத்துக்குச் சராசரி 900 மி.மீ. பக்கம் வர்றது உண்மைதான், ஆனா அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையா கொஞ்ச நாளுக்குள்ள கொட்டித் தீர்த்துடும். நம்ம மண்ணு செம்மண், ரெண்டு மூணு அடி தோண்டுனா செம்புராங்கல், ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. மாசி பொறந்ததுல இருந்து ஆவணி வரைக்கும் அடிக்கிற வெயில் வந்த மழையை விட அதிகமா உறிஞ்சிடும், அதனாலதான் அரை வறட்சிப் பகுதின்னு சொல்றாங்க. ஆட்டுக்காரனுக்கு மழை எத்தனை மில்லிமீட்டர்ங்கிறது கணக்கே இல்ல, பச்சை எத்தனை மாசம் நிக்குதுங்கிறதுதான் கணக்கு. நம்மூர்ல அது அஞ்சு மாசம், நல்ல வருஷமா இருந்தா ஆறு.

எத்தனை ஆடு வச்சு ஆரம்பிக்கலாம்?

எல்லாரும் கையில எவ்ளோ காசு இருக்குன்னு பாத்து ஆடு வாங்குறாங்க, இல்லன்னா மார்கழி தையில காடெல்லாம் பச்சையா கிடக்குறதைப் பாத்து வாங்குறாங்க. ரெண்டுமே தப்பு. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி இந்த நாலு மாசப் பசியை எத்தனை ஆடு தாங்குமோ அத்தனைதான் நமக்கு.

கணக்கு போட்டுக் காட்டுறேன். 25 கிலோ இருக்கிற தாய் ஆட்டுக்கு அதோட எடையில நூத்துக்கு மூணுல இருந்து நாலு பங்கு உலர்தீவனக் கணக்கு (ஈரம் போகக் காஞ்ச எடை) வேணும், அதாவது ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுல இருந்து ஒரு கிலோ. கோடையில பாதியை அது மேஞ்சு தேடிக்கும்னு வச்சுக்கிட்டாலும் மீதி அரைக்கிலோ நாம போடணும். 120 நாளுக்கு 60 கிலோ. இருபது ஆடுன்னா 1,200 கிலோ. இந்த 1,200 கிலோ கடலைக்கொடியோ சோளத்தட்டையோ உளுந்துப் பொட்டோ பங்குனிக்குள்ள உங்க படப்புல ஏறியிருக்கா? ஏறலைன்னா இருபது ஆடு வாங்காதீங்க, பத்து வாங்குங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது 20 பெட்டை, ஒரு கிடா, அதுக்கு மேல முதல் வருஷம் வேண்டாம்.

வைக்கோலை மட்டும் நம்பாதீங்க, வயிறு நிறையும், ஆனா சத்து ஏறாது. கடலைக்கொடிதான் நம்மூருக்குத் தங்கம், கடலை புடுங்குற வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சுடணும்.

எந்த இனம் நல்லது? மேச்சேரி வாங்கட்டுமா?

மேச்சேரி நல்ல ஆடுதான், சேலம் ஈரோடு பக்கத்து இனம், அதோட தோலுக்கு ரொம்ப மதிப்பு. ஆனா நம்ம மண்ணுக்குன்னே ஒரு ஆடு இருக்கே, ராமநாதபுரம் வெள்ளை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கதான் அதுக்குச் சொந்த ஊர். கிடாவுக்கு முறுக்குன கொம்பு இருக்கும், பெட்டைக்குக் கொம்பு இருக்காது. பெட்டை 22-25 கிலோ, கிடா 30 கிலோவுக்குக் கொஞ்சம் மேல நிக்கும். சின்ன ஆடா இருக்கேன்னு முகம் சுளிக்கிறவங்க உண்டு. சின்ன உடம்புக்குச் சின்ன வயிறு, கோடையில அதுதான் நம்மளக் காப்பாத்தும்.

தூத்துக்குடிப் பக்கத்து வேம்பூர் ஆடும் நல்லா தாங்கும், வெள்ளை உடம்புல செம்பொட்டு பொட்டா இருக்கும், அதனால பொட்டு ஆடுன்னே சொல்வாங்க. எந்த இனமா இருந்தாலும் அம்பது கிலோமீட்டருக்குள்ள மேய்ச்சல்ல வளர்ந்த ஆடா வாங்குங்க. தோட்டத்துப் பசுந்தீவனம் தின்னு வளர்ந்த ஆட்டை இங்க கொண்டாந்து பொட்டல்ல விட்டா ரெண்டே மாசத்துல எலும்பாகிடும்.

வாங்கும்போது வாயைத் தொறந்து பல்லைப் பாருங்க. பால்பல்லு விழுந்து ரெண்டு பெரிய பல்லு போட்டிருந்தா ஒன்றரை வயசுக்குள்ள, நாலு பல்லுன்னா ரெண்டு வயசு பக்கம், எட்டுப் பல்லும் விழுந்து முளைச்சிருந்தா நாலு வயசு. பல்லு தேஞ்சு இடைவெளி விட்டிருந்தா அது கிழடு, விலை எவ்ளோ குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் மடியைத் தடவிப் பாருங்க, கட்டி தட்டுச்சுன்னா விட்டுருங்க.

பரண் போட்டு கொட்டில்லயே வச்சு வளர்த்தா என்ன? வீடியோல எல்லாரும் அப்படித்தான காட்டுறாங்க?

போர் தண்ணியும் ரெண்டு ஏக்கர் தீவனப்பயிரும் இருந்தா செய்யலாம், வெள்ளாட்டுக்கு ஓரளவு ஒத்தும் வரும். செம்மறி குனிஞ்சு புல்லு கடிக்கிற சாதி, கூட்டமா நடந்து மேயுற சாதி, அதைப் பரண் மேல நிறுத்தி வச்சுத் தட்டுல போட்டா தீவனச் செலவே கிடா விலையைத் தின்னுடும். நான் சொல்றது நடுவழி. காலையில ஏழெட்டு மணிக்கு மேல, பனி காஞ்சப்புறம் ஓட்டிட்டுப் போயி உச்சி வெயிலுக்கு நிழல்ல மடக்கி திரும்ப மூணு மணிக்கு மேய விட்டு பொழுது சாயுறப்ப பட்டிக்குக் கொண்டாந்து, சினை ஆட்டுக்கும் பால் குடுக்குற ஆட்டுக்கும் மட்டும் 200 கிராம் அடர்தீவனம் போடுறது. கொட்டகை மழைக்கும் ராத்திரிக்கும்தான். ஒரு ஆட்டுக்குப் பத்துப் பன்னெண்டு சதுரடி போதும், மேட்டுல போடுங்க, கிழக்கு மேற்கா நீளம் வரட்டும்.

மாட்டுக்கு வாங்குற தாது உப்பையே ஆட்டுக்கும் போடுறவங்க நிறையப் பேரு இருக்காங்க, அதை இன்னைக்கே நிறுத்துங்க. செம்மறிக்கு தாமிரம் அதிகமானா ஈரல்ல தங்கி விஷமாகிடும். ஆட்டுக்குன்னே தனியா விக்கிற தாது உப்பை வாங்குங்க.

கிடை போட்டா உண்மையிலேயே வருமானம் வருமா?

கிடைன்னா எருவுக்காக ராத்திரி ஆட்டை வயல்ல படல் கட்டி அடைச்சுப் போடுறது. இதைக் கேட்டா நான் நாள் முழுக்கப் பேசுவேன். தை அறுவடை முடிஞ்சதும் ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கீதாரிங்க நூத்துக்கணக்கான ஆட்டோட நம்ம ஊருங்களைத் தாண்டி புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு போவாங்களே, பாத்திருப்பீங்க. பல குடும்பத்து ஆடு ஒரே மந்தையா போகும், கீதாரிதான் அதுக்குத் தலைவர், எந்த ஊருக்குப் போறது எந்த வயல்ல படுக்கப் போடுறதுன்னு அவர் வாக்குதான். பிறந்து சில நாளே ஆன குட்டிங்களைப் பனை ஓலைக் கூட்டுல கவுத்து வச்சுட்டு தாயை மட்டும் மேய்ச்சலுக்குக் கொண்டு போவாங்க. சாயங்காலம் மந்தை திரும்புறப்ப அந்தக் கூட்டைத் தூக்கணும், அப்ப பாக்கணும் நீங்க. நூறு குட்டி ஒரே நேரத்துல கத்தும், நூறு தாயும் பதில் கத்தும், ஒரு நிமிஷத்துல ஒவ்வொண்ணும் அதது தாய் மடிக்குப் போயி வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும்.

உங்க அறுபது ஆட்டை வச்சு உள்ளூர்லயே கிடை போடலாம். ஒரு ஏக்கருக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ஆடுன்னு கணக்கு, அப்படின்னா அறுபது ஆட்டுக்கு பதினாறு பதினேழு ராத்திரி ஆகும், தினமும் படலை நகர்த்திக்கிட்டே வரணும். ஆட்டு எருவுல தழைச்சத்து நூத்துக்கு மூணு, மணிச்சத்து ஒண்ணு, சாம்பல்சத்து ரெண்டு பங்குன்னு விவசாயப் புத்தகத்துல இருக்கும், அதோட மூத்திரமும் நேரா மண்ணுல இறங்குது. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்"னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. வயக்காரர்கிட்ட ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, கிடை முடிஞ்ச கையோட உழுதுடணும், வெயில்ல கிடந்தா தழைச்சத்து காத்துல போயிடும். கூலியா ராத்திரிக்கு இவ்ளோன்னு காசு வாங்கலாம், இல்ல நெல்லா வாங்கலாம், நான் பாதிக்குக் கடலைக்கொடியா வாங்கிக்குவேன். பசி மாசத்துத் தீவனம் அப்படியே சேர்ந்துடுது.

சீமைக்கருவேல நெத்தை ஆட்டுக்குக் கொடுக்கலாமா? மரத்தையே ஒழிக்கச் சொல்றாங்களே?

கொடுக்கலாம், அளவாக் கொடுக்கணும். இலையைச் செம்மறி தொடாது, நெத்துதான் தின்னும். சித்திரை வைகாசியில வேற ஒண்ணுமே இல்லாதப்ப மஞ்சளா பழுத்துக் கொட்டிக் கிடக்கும், இனிப்பு இருக்கிறதால ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். ஆனா அதையே நாள்கணக்கா தின்னா வயிறு கெடும், ரொம்ப நாள் தொடர்ந்தா தாடை நரம்பே பாதிச்சு மெல்ல முடியாமப் போகும். மொத்தத் தீவனத்துல கால் பங்குக்கு மேல போகாமப் பாத்துக்குங்க.

இன்னொண்ணு இருக்கு. விதை கெட்டியானது, ஆட்டு வயித்துல செரிக்காம புழுக்கையோட வெளிய வந்து நல்லா முளைக்கும். நெத்து தின்ன மந்தையை யாரு வயல்ல கிடை போட்டாலும் அடுத்த மழைக்கு அங்க கருவேலங்கன்னு எழும்பும். அதனால நான் பொறுக்கிட்டு வந்து மொட்டை மாடித் தளத்துல உச்சி வெயில்ல ரெண்டு நாள் காயப்போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள மில்லுல கொடுத்து விதையோட சேத்து அரைச்சுடுவேன். ஆறிட்டா சர்க்கரைப்பாகு மாதிரி ஒட்டி மில்லுக்காரர் திட்டுவாரு. அந்த மாவை மூட்டை கட்டி ஆடி மாசம் வரைக்கும் வச்சிருப்பேன்.

மரத்தை எடுக்கணுமான்னா, கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் கட்டாயம் எடுக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா எடுத்த இடத்தைச் சும்மா போட்டா மறுபடியும் அதுதான் வரும். குடைவேல், வாகை, அகத்தி இதுங்கள்ல எதையாவது வைங்க, தரையில கொழுக்கட்டைப்புல் தூவுங்க. ஒரு தடவை வேர் பிடிச்சுட்டா வறட்சியில காஞ்சு கிடந்து முதல் மழைக்குத் துளிர்க்குற புல்லு அது. செட்டிநாட்டுலயே மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, குன்றக்குடியில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, நேர்ல போயி நம்ம மண்ணுக்கு எந்தத் தீவனப்பயிர் ஒத்துவரும்னு கேளுங்க.

கிடா எப்ப சேர்க்கணும்?

கிடாவை வருஷம் முழுக்க மந்தைக்குள்ளயே விட்டு வச்சா குட்டி கண்ட மாசத்துல விழும், வைகாசியில விழுற குட்டிக்குத் தாய்க்கிட்ட பாலே இருக்காது. சினைக்காலம் 150 நாள், அஞ்சு மாசம். ஆவணியில சேர்த்தா தையில குட்டி. தையில காட்டுல புல்லு இருக்கு, அறுத்த வயல்ல தாள் இருக்கு, ஈரம் வடிஞ்சிருக்கும், தாய்க்குப் பால் ஊறும். இதுக்காகவே நான் கிடாவைத் தனியாக் கட்டி வளர்க்குறேன், 25 பெட்டைக்கு ஒண்ணுங்கிற கணக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுவேன், இல்லன்னா மகளையே சேரும்.

ஆனா ஆவணியில ஆடு கோடையைத் தாண்டி மெலிஞ்சு நிக்குமே, அதான் சிக்கல். இடுப்புக்கு மேல முதுகெலும்பை விரலால அழுத்திப் பாருங்க, முள்ளு மாதிரி குத்துனா அந்த ஆடு பருவத்துக்கே வராது. சேர்க்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே ஒரு ஆட்டுக்கு 200 கிராம் தானியமோ நெத்துமாவு கலந்த தீவனமோ கொடுக்க ஆரம்பிச்சுடணும். பருவம் 17 நாளுக்கு ஒருக்கா வரும், அதனால கிடாவை ஒரு நாப்பது அம்பது நாள் விட்டுட்டு வெளிய எடுத்துடலாம்.

ரெட்டைக்குட்டி போடுற ஆடு வேணும்னு தேடுறேன், கிடைக்குமா?

மகாராஷ்டிரா பல்தான்ல உருவாக்குன நாரி சுவர்ணான்னு ஒண்ணு ரெட்டைக்குட்டிக்குப் பேரெடுத்தது. நம்ம மேய்ச்சல்ல ஒரு குட்டிக்கே பால் காணாத வருஷம் உண்டு. ஒரு குட்டி, அது பிழைச்சு, தாய் அடுத்த ஆவணிக்குள்ள தேறி, வருஷத்துக்கு ஒரு ஈத்து தவறாம வந்தா அதுவே பெரிய விஷயம். முதல்ல இறப்பைக் குறைங்க.

தாய் ஆடு குட்டியை ஒதுக்குது, என்ன பண்றது?

தலைச்சன் ஆடு இப்படிப் பண்ணும். குட்டி பொறந்ததும் மூக்குல வாயில இருக்கிற சளியை மட்டும் துடைச்சு விடுங்க, உடம்பைத் தாய் நக்கட்டும், துணியால முழுசா துடைச்சா அதோட வாசம் போயி தாய்க்கு அடையாளம் தெரியாது. நக்காம நின்னா குட்டி முதுகுல கொஞ்சம் உப்புத்தூளைத் தடவி விடுங்க, உப்புக்காக நக்க ஆரம்பிச்சு அப்படியே ஒட்டிக்கும். அதுக்கும் மசியலைன்னா தாயை ஒரு மூலையில கயித்தைக் குறுக்கிக் கட்டி பின்னங்காலைப் பிடிச்சுக்கிட்டு குட்டியை ஊட்ட விடணும், மூணு நாள் போதும். எது எப்படிப் போனாலும் பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போயிருக்கணும். சீம்பால் குடிக்காத குட்டி பெரும்பாலும் தங்காது, வேற ஆடு ஈன்றிருந்தா அதுகிட்ட பீய்ச்சியாவது ஊத்துங்க.

என்னென்ன ஊசி போடணும்? என்ன நோய் வரும்?

ஆட்டுக்கொல்லி நோய்க்குத்தான் முதல் இடம். இந்தியாவுல அதை முதன்முதலா கண்டுபிடிச்சதே தமிழ்நாட்டுலதான், 1987ல விழுப்புரம் பக்கம் அரசூர்ல. அந்த ஊர்ப் பேருலயே ஒரு தடுப்பூசி ரகத்தை நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்குச்சு. காய்ச்சல், மூக்குல சளி, வாய்ப்புண்ணு, நாத்தமடிக்கிற கழிச்சல்னு போகும். குட்டிக்கு நாலு மாசத்துல ஒரு ஊசி போட்டா மூணு வருஷம் தாங்கும்.

ரெண்டாவது துள்ளுமாரி. மழை பெஞ்சு புதுப்புல்லு வந்ததும் மந்தையிலேயே நல்லா கொழுத்த குட்டிதான் ராத்திரியில துள்ளி விழுந்து காலையில செத்துக் கிடக்கும். குடல்ல இருக்கிற கிருமி பெருகி விஷம் கக்குறதுதான் காரணம். புரட்டாசிக்குள்ள ஊசி போட்டுடணும். நீலநாக்கு நோயும் மழைக்காலத்துலதான், கொசுவை விடச் சின்னப் பூச்சி கடிச்சுப் பரவும், மூஞ்சி வீங்கி உதடு தடிச்சு நாக்கு கருநீலமாகி கால் நொண்டும். அதுக்கும் தடுப்பூசி இருக்கு, ஆடி ஆவணியிலேயே டாக்டர்கிட்ட கேட்டு வைங்க. சாயங்காலம் பட்டியில வேப்பந்தழை புகை போடுங்க.

நல்லா இருந்த ஆடு திடீர்னு செத்து மூக்குல ஆசனவாயில உறையாத ரத்தம் வந்தா அது அடைப்பானா இருக்கலாம். அறுக்காதீங்க, தோலை உரிக்காதீங்க, யாரும் கறி எடுக்க விடாதீங்க, மனுஷனுக்கும் தொத்தும். டாக்டருக்குச் சொல்லிட்டு ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.

குடற்புழு மருந்தை மாசாமாசம் எல்லா ஆட்டுக்கும் ஊத்துறது வேண்டாம், புழு மருந்துக்குப் பழகிடும். கட்டைவிரலால கண்ணோட கீழ்இமையை இழுத்துப் பாருங்க. உள்பக்கம் நல்ல சிவப்பா இருந்தா விட்டுருங்க, வெளிறிப் போயி வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தா ரத்தம் குடிக்கிற புழு இருக்கு, அந்த ஆட்டுக்கு மட்டும் எடை பாத்து மருந்து. நான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அறுபது ஆட்டுக்கும் பாப்பேன், ஒரு ஆட்டுக்குப் பத்து செகண்ட்தான்.

கண்மாய்த் தண்ணி குடிக்க விடலாமா? ஓரத்துல நல்ல பச்சையா இருக்கே?

தண்ணி குடிக்கட்டும், ஆனா கண்மாய் வத்துற நேரத்துல அந்த ஓரத்துச் சேத்துப் பச்சையைக் கடிக்க விடாதீங்க. அங்க இருக்கிற நத்தை மூலமாத்தான் ஈரல்ல தட்டைப்புழு ஏறும், கொஞ்ச நாள் கழிச்சு தாடைக்குக் கீழ பை மாதிரி நீர் கோத்துத் தொங்கும். நல்லா காஞ்சு வெடிச்சப்புறம் உள்வாயில மேய விடலாம். ஊரணிக்குள்ள எந்தக் காலத்துலயும் ஆட்டை இறக்காதீங்க, அது ஊரு குடிக்கிற தண்ணி.

கல்யாண வீட்டுல மீந்த சோத்தை ஆட்டுக்குப் போடலாமா?

கூடாது. நம்ம பக்கம் கல்யாணம்னா எவ்ளோ சமைப்பாங்கன்னு தெரியும்ல, ஆறு வருஷம் முன்னாடி ஒரு மண்டபத்துக்குப் பின்னாடி மீந்த சோறெல்லாம் குவியலாக் கொட்டிக் கிடந்துச்சு, நான் டீ குடிக்கப் போன நேரத்துல பதினோரு ஆடு உள்ள பூந்து வயிறு முட்டத் தின்னுடுச்சு. அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் தெரியல. விடியக்காலம் பாத்தா படுத்துக்கிட்டு பல்லை நறநறன்னு கடிக்குது, இடது வயித்துல கை வச்சா தண்ணிப் பை மாதிரி தளதளங்குது. மூணு தாய் ஆடு போச்சு, ரெண்டு சினை. சோறு, அரிசி, நெல்லு எது அளவுக்கு மீறிப் போனாலும் இரைப்பையில புளிச்சு அமிலமாகி ரத்தத்துல ஏறிடும். தின்னது தெரிஞ்ச உடனே ஆட்டுக்கு 20 கிராம் சமையல் சோடாவைத் தண்ணியில கரைச்சு, தலையை ரொம்ப அண்ணாத்தாம மெதுவா புகட்டிட்டு 1962க்கு போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். விடியட்டும்னு இருக்காதீங்க.

எங்க விக்கிறது, எப்ப விக்கிறது?

சிங்கம்புணரி, திருப்புவனம், புதுக்கோட்டைன்னு சந்தைக்குப் பஞ்சமில்ல. சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க, பழகாதவங்களுக்கு ஒண்ணும் புரியாது. 1,500, 2,000 ரூவாய்க்குத் தொங்கு தராசு ஒண்ணு வாங்கிக்குங்க, வீட்டுல எடை போட்டுட்டுப் போங்க. உயிர் எடையில பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் கறி நிக்கும், அன்னைக்குக் கறி விலையை வச்சு உங்க அடிவிலையை மனசுல எழுதிக்கிட்டு அப்புறம் விரலைக் கொடுங்க.

நம்ம ஊர்க்காரங்க வீட்டுக்கு வெள்ளாட்டுக்கறிதான் கேப்பாங்க, செம்மறிக் கிடா கோயில் வேண்டுதலுக்கும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் போகும். பக்ரீத் வருஷத்துக்கு பத்துப் பதினொரு நாள் முன்னால நகர்ந்துக்கிட்டே வரும், அதைப் பாத்து ஒச்சமில்லாத கிடாவைத் தனியா ஒதுக்கி வைங்க. பங்குனி கடைசியில தேவையில்லாத கிடாக்குட்டி, மலட்டு ஆடு, பல்லு தேஞ்ச ஆடு எல்லாத்தையும் கழிச்சுடணும். அதுக்கு மனசு வராதவங்க ஆனியில பாதி விலைக்குத் தர வேண்டியிருக்கும், நானும் தந்திருக்கேன்.

மானியம் கிடைக்குமா?

தேசிய கால்நடை இயக்கத்துல நூத்துக்கு 50 பங்கு மானியம் உண்டு, 100 பெட்டை 5 கிடாவுல இருந்து 500 பெட்டை 25 கிடா வரைக்கும், உச்சபட்சம் 50 லட்சம். வாங்குறது தப்பில்ல. ஆனா ஆட்டையே தொட்டுப் பழகாதவங்க மானியத்துக்காக எடுத்த எடுப்புல நூறு ஆட்டைக் கொண்டாந்து இறக்கி, ஆடிக்குள்ள காலியான பண்ணைங்களை நம்ம பக்கமே பாத்திருக்கேன். ரெண்டு கோடையை இருபது ஆட்டோட தாண்டிட்டு அப்புறம் போங்க.

மேய்க்க ஆள் கிடைக்கலையே?

கிடைக்காது. முன்னாடி பத்து வயசுப் பையன் கூட மேய்ப்பான், இப்ப பள்ளிக்கூடம் போறான், போகத்தான் வேணும். நாங்க நாலு வீட்டு ஆட்டையும் ஒண்ணாச் சேத்துட்டோம், ஒவ்வொருத்தருக்கு ஒரு சாயத்துல அடையாளம், ஒரு பெரியவருக்கு எல்லாரும் சேந்து மாசச் சம்பளம், அவருக்குக் காய்ச்சல்னா முறை வச்சு நாங்க போறோம். தெருநாய் தொல்லை இப்ப அதிகமாயிடுச்சு, ராத்திரி பட்டியைச் சுத்தி அஞ்சடிக்குக் குறையாம கம்பிவலை போட்டாச்சு. சம்பளம் கொடுத்தும் ஒரு வீட்டுக்கு ஆகுற செலவு தாங்குற அளவுலதான் இருக்கு. உங்க ஊர்லயும் நாலு வீடு இருக்கும், போயி பேசிப் பாருங்க.